கதவைச் சாத்திவிட்டு வந்த பிறகு

மேசை டிராயரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அடியில் ஒரு பழைய ஃபைல் சிக்கியது. சில வருடங்களுக்கு முன்பு நான் பேனலில் உட்கார்ந்து எடுத்த இன்டர்வியூக்களின் மதிப்பெண் தாள்கள். ஆளுக்கொரு தாள், மொத்தம் பதினாலு. எப்போதோ கிழித்துப் போட்டிருக்க வேண்டியவை. கிழிப்பதற்கு முன் ஒரு தடவை புரட்டினேன்.

ஒவ்வொரு தாளின் கீழேயும் "குறிப்பு" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என் கிறுக்கல். "நல்லா பேசுறார்." "பரவாயில்லை." "ஆர்வம் இருக்கு, அனுபவம் குறைவு." "கான்ஃபிடன்ட்." ஒன்றில் வெறும் "ஓகே".

பதினாலு பேரில் பன்னிரண்டு பேரின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொருவரும் முந்தின ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். அரைமணி முன்னாடியே வந்து, வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பதிலை மனசுக்குள் ஒப்பித்துப் பார்த்திருப்பார்கள். அத்தனைக்கும் நான் எழுதி வைத்தது ரெண்டு எழுத்து. மிச்சம் இரண்டு பேரில் ஒருவரை நினைவிருப்பது அவருடைய செல்போன் மூணு தடவை அடித்ததால். அவரை விட்டுவிடுவோம்.

இன்னொரு தாளில் மட்டும் இப்படி இருந்தது: "லேபிள் பில் வரிசை, பெட்டி எடை வரிசை. நின்னு பார்த்துக் கண்டுபிடிச்சார்." அதைப் படித்ததும் அந்த மத்தியானம் முழுசாகத் திரும்பி வந்தது.

அன்றைக்குச் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் தேடிக்கொண்டிருந்தோம். பேனலில் மூன்று பேர்: நான், எச்.ஆரிலிருந்து ஒரு மேடம், எங்கள் மேனேஜர். காலையிலிருந்து ஆட்களைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போயிருந்தோம். அந்தப் பெண் உள்ளே வந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் மேனேஜருக்கு ஏதோ அழைப்பு வர, எழுந்து வெளியே போய்விட்டார். நான் எல்லாரிடமும் கேட்ட கேள்வியையே கேட்டேன். வேலையில் வந்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?

"ஒரு மாசத்துல ஆறு பார்சல் ஆள் மாறிப் போயிடுச்சு சார். பேக்கிங் பசங்க கவனமில்லாம ஒட்டுறாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒருநாள் சாயந்திரம் பேக்கிங் மேசை பக்கத்துல சும்மா நின்னு பார்த்தேன். லேபிள் பிரின்டர் பில் நம்பர் வரிசையில அடிச்சுத் தள்ளுது. பெட்டிங்களோ எடை வரிசையில அடுக்கியிருக்கு, கனமானது கீழே. ஒட்டுறவர் ஒவ்வொரு லேபிளுக்கும் பெட்டியைத் தேடணும். அவசரத்துல பக்கத்துப் பெட்டியில ஒட்டிடுறார்."

லேபிளை எடை வரிசையில் அடிக்க முடியுமா என்று கம்ப்யூட்டர் பிரிவில் கேட்டாராம். சாஃப்ட்வேரில் கைவைக்க முடியாது என்றார்களாம். "சரி, மார்க்கர் பேனாவால பெட்டி மேலேயே பில் நம்பரைப் பெருசா எழுதிடுங்கன்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் ஒண்ணுதான் மாறிப் போச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த ஒண்ணு நான் ஒட்டினது சார்."

மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

அவர் போன பிறகு மேனேஜர் உள்ளே வந்தார். "எப்படி?" என்று கேட்டார். நான் லேபிள் கதையை அப்படியே சொன்னேன், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கடைசி வரியையும் விடவில்லை. அவர் தாளைக்கூடப் பார்க்காமல், "அப்புறம் என்ன, எடுத்துக்கலாமே" என்றார். அதற்கு முன் பார்த்தவரைப் பற்றிக் கேட்டபோது "நல்லா பேசினார் சார்" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. "எல்லாரும்தான் நல்லா பேசுறாங்க" என்று அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார். அந்த மனிதர் உண்மையிலேயே நன்றாகப் பேசினார். ஆனால் அவருக்காகப் பேச என் கையில் எதுவும் இல்லை.

இன்டர்வியூவில் நல்ல பெயர் வாங்குவது எப்படி என்று தம்பி தங்கைகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மத்தியானம்தான் ஞாபகம் வருகிறது. நாம் எல்லாரும் அறைக்குள்ளே இருக்கும் அந்த அரைமணி நேரத்துக்குத்தான் தயாராகிறோம். முடிவோ பெரும்பாலும் நாம் கதவைச் சாத்திவிட்டு வந்த பிறகு நடக்கிறது. உள்ளே இருந்த ஒருவர், இல்லாத இன்னொருவரிடம் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் வாயில் என்ன வைத்துவிட்டு வந்தோம் என்பதுதான் கேள்வி.

இது எனக்குப் பிறவியிலேயே தெரிந்த ஞானம் ஒன்றும் இல்லை. என் முதல் இன்டர்வியூவில் நான் செய்த கூத்தைச் சொன்னால் புரியும்.

ரெஸ்யூமேயில் "எக்செல்லில் நல்ல தேர்ச்சி" என்று போட்டிருந்தேன். நண்பன் ஒருவனுடைய ரெஸ்யூமேயை வாங்கி, பெயரையும் தேதிகளையும் மாற்றிக்கொண்டது. அந்த வரி உண்மையில் அவனுடையது. எதிரில் இருந்தவர் நடுவயது, அதிகம் பேசாதவர். ரெஸ்யூமேயை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார்.

"விலுக்கப் தெரியுமா தம்பி?"

"தெரியும் சார்."

"நல்லா தெரியுமா?"

"நல்லா தெரியும் சார்."

இரண்டாவது தடவை கேட்டபோதே நான் இறங்கியிருக்க வேண்டும். அவர் படிக்கட்டு போட்டுக் கொடுத்தார், நான் இன்னும் ஒரு படி மேலே ஏறினேன். அவர் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். இரண்டு ஷீட். ஒன்றில் பொருட்களின் கோட் நம்பரும் விலையும். மற்றதில் கோட் நம்பரும் எண்ணிக்கையும். "விலையை இந்தப் பக்கம் கொண்டுவாங்க" என்றார்.

ஒரு பட்டியலில் தேடி எடுத்ததை இன்னொன்றில் கொண்டுவந்து போடும் ஃபார்முலாதான் விலுக்கப். அதை அதற்கு முன் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். எப்படியோ அடித்து என்டரைத் தட்டினேன். ஹேஷ் போட்டு என்.ஏ. என்று வந்தது, தேடியது கிடைக்கவில்லை என்று அர்த்தம். கீழே இழுத்தேன், வரிசை முழுக்க என்.ஏ. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே. காது மடல் சூடாவது தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் சொன்னதை இதை எழுதும்போதும் நினைத்தால் கூசுகிறது.

"உங்க லேப்டாப்ல ஏதோ செட்டிங் மாறியிருக்கு சார்."

அவர் கோபப்படவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "சரி தம்பி, சொல்லி அனுப்புறோம்" என்றார். சொல்லி அனுப்பவில்லை.

வேறு ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து பல மாதம் கழித்துத்தான் அந்த என்.ஏ.வின் ரகசியம் தெரிந்தது. ஒரு ஷீட்டில் கோட் நம்பருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எக்செல்லுக்கு இரண்டும் வேறு வேறு. அன்றைக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் ஃபார்முலா சரியாகவே இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாமல் போனது விலுக்கப் அல்ல. விடை வராதபோது என்ன செய்வது என்பது எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் பார்க்க நினைத்ததும் அதைத்தானோ என்னவோ.

இப்போது நானும் அதே ஸ்பேஸ் வைத்த ஷீட்டைத்தான் கொடுக்கிறேன். (பழிவாங்கல் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் இருக்கலாம்.) ஒரு பையன் என்.ஏ. வந்ததும் சத்தமாகவே யோசித்தான். "ஃபார்முலா சரின்னுதான் தோணுது சார். டேட்டாவுல ஏதோ இருக்கு. எத்தனை எழுத்து இருக்குன்னு எண்ணிப் பார்க்கிறேன்." எழுத்தை எண்ணும் லென் ஃபார்முலாவைப் போட்டான். ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் அஞ்சு. "ஸ்பேஸ் சார்!" என்று அவன் சொன்னபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. இன்னொருவர் இரண்டு தடவை முயன்றுவிட்டு, "எனக்கு இதுக்கு மேல தெரியல மேடம். ஆபீஸா இருந்தா பக்கத்துல இருக்கிறவங்களைக் கேட்டிருப்பேன். இங்க உங்களைக் கேட்கலாமா?" என்றார். மேடம் சொல்லிக்கொடுத்தார், அவர் முடித்துக் காட்டினார். அவருடைய தாளில் "கேட்கத் தெரிந்தவர்" என்று எழுதினேன். இருவருக்குமே வேலை கிடைத்தது. லேப்டாப் செட்டிங்கைக் குறை சொன்னவர்களும் உண்டு. அவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, பழைய கூச்சம்தான் வருகிறது.

சரி, முதல் பார்வை என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. 2006இல் ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் என்ற இரு உளவியலாளர்கள், முன்பின் தெரியாதவர்களின் முகப்படங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மட்டும் காட்டினார்கள். இவர் நம்பத்தகுந்தவரா, திறமைசாலியா என்று கேட்டார்கள். ஆட்கள் தயங்காமல் சொன்னார்கள். நேரக் கட்டுப்பாடே இல்லாமல் பார்த்தவர்கள் சொன்னதோடு அது பெருமளவு ஒத்தும்போனது. இந்தத் தீர்ப்பு சரியா என்பது வேறு விஷயம். அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதுதான் சங்கதி.

இதைக் கேட்டுவிட்டு "முதல் முப்பது செகண்டிலேயே எல்லாம் முடிஞ்சுடுது" என்று பயமுறுத்துகிறவர்கள் நிறைய. அது அப்படி இல்லை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நிஜமான இன்டர்வியூ நடத்திய 166 பேரிடம் எப்போது முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். முதல் நிமிடத்திலேயே முடிவெடுத்தது ஏறக்குறைய இருபதில் ஒரு தடவைதான். பெரும்பாலான முடிவுகள் ஐந்து நிமிடம் தாண்டிய பிறகே வந்தன. என் அனுபவமும் இதுதான். உள்ளே வரும்போதே மனசில் ஏதோ ஒன்று தோன்றும். லேபிள் கதை மாதிரி ஒன்று வந்தால் அது அடிபட்டுப் போகும்.

இன்னொரு கணக்கும் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. நாம் சொல்லும் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகத்துக்கும் உடல்மொழிக்கும் 55 என்று. பயிற்சி வகுப்பில் இதைப் பெரிய எழுத்தில் திரையில் போட்டுக் காட்டியபோது நானும் பக்தியோடு குறித்துக்கொண்டவன்தான். இது ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. அவர் ஆராய்ந்தது சின்ன விஷயம். ஒரே ஒரு சொல்லை வெவ்வேறு குரலில், வெவ்வேறு முகபாவத்தோடு சொன்னால், சொன்னவருக்கு நம் மேல் பிரியமா வெறுப்பா என்று எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பது. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். யோசித்துப் பாருங்கள், வார்த்தைக்கு 7 சதவீதம்தான் என்றால் அந்தப் பெண் லேபிள் கதையை எனக்குப் புரியாத மொழியில் சொல்லியிருந்தாலும் நான் 93 சதவீதம் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆகவே உட்காரும் விதம், கண்ணைப் பார்ப்பது, சட்டையின் நிறம் பற்றியெல்லாம் ஒரு பத்திக்கு மேல் எழுத மாட்டேன். சுத்தமாகப் போங்கள். அந்த இடத்தில் வேலை செய்கிறவர்கள் எப்படி உடுத்துகிறார்களோ அதைவிட ஒரு மடிப்பு கூடுதலாக. புதுச் செருப்பை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போடாதீர்கள். கடித்தால் முகத்தில் தெரியும். பத்து நிமிடம் முன்னால் போதும், ஒரு மணி நேரம் முன்னால் போய் வரவேற்பறையில் இருப்பவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். எங்கள் மேனேஜர் கடைசியில் அவரைத்தான் கூப்பிட்டு "எப்படி இருந்தாங்க?" என்று கேட்பார். அவ்வளவுதான்.

எதிரில் இருப்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பது இதையெல்லாம்விட முக்கியம். 1955இல் இஸ்ரேல் ராணுவத்தில் டேனியல் கானமன் என்று ஓர் இளம் லெப்டினன்ட் இருந்தார். வயது 21. பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய அதே கானமன்தான். புதிதாக வரும் வீரர்களை இன்டர்வியூ செய்து யாரை எங்கே போடலாம் என்று சொல்வது ஒரு பிரிவின் வேலை. அவர்கள் மனசில் பட்டபடி பேசிப் பார்த்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது பெரிதாகப் பலிக்கவில்லை. கானமன் அதை மாற்றினார். ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் நடந்த சம்பவங்களைப் பற்றிய கேள்விகள். ஒரு குணத்துக்கு மதிப்பெண் போட்ட பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். இன்டர்வியூ எடுத்தவர்களுக்குக் கடுப்பு. எங்களை இயந்திரமாக்குகிறீர்களே என்றார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, எல்லாம் முடிந்த பிறகு கண்ணை மூடி அந்த ஆளை வீரராகக் கற்பனை செய்து ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டார். ஆறு குணங்களின் கூட்டு நன்றாகப் பலித்தது. கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதே அளவு பலித்தது, அந்த ஆறையும் ஒழுங்காகப் பார்த்த பிறகு போட்டதால்.

இன்றைக்குப் பல அலுவலகங்களில் இருக்கும் தாள் அதன் உறவுக்காரன்தான். எல்லாரிடமும் ஒரே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவைவிட இப்படிக் கேட்பதுதான் ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதைச் சரியாகக் காட்டுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 2022இல் பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் பழைய ஆய்வுகளை எல்லாம் எடுத்து மறுபடி கணக்குப் போட்டபோது, இப்படிக் கட்டமைத்த இன்டர்வியூவின் பலன் 0.42 என்றும், மற்றதன் பலன் 0.19 என்றும் வந்தது. 1 என்றால் அச்சுப் பிசகாத கணிப்பு. நல்ல முறையே பாதிக்கும் குறைவு, அவ்வளவுதான்!

கட்டம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி, கட்டத்தில் எழுத ஒரு விஷயம் கொடுப்பதுதான். "நான் டீமோட நல்லா ஒத்துப்போவேன் சார்" என்றால் எழுத ஒன்றும் இல்லை. பேனா சும்மா நிற்கும். "ரெண்டு ஷிப்டுக்காரங்களுக்கும் பேச்சே இல்லாம இருந்துச்சு, ஷிப்ட் மாறும்போது பத்து நிமிஷம் சேர்ந்து நிக்கணும்னு வெச்சோம்" என்று சொல்லுங்கள், பேனா ஓடும். பேனா ஓடுகிறதா என்று பாருங்கள். நான் வேலை தேடிய காலத்தில் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் எத்தனையோ நிமிட வீண்பேச்சு மிச்சமாகியிருக்கும்.

அதற்காகச் சினிமாக் கதை வேண்டாம். உங்கள் வேலையில் நடந்த நாலைந்து சம்பவங்களைத் தாளில் எழுதிப் பாருங்கள்: என்ன கெட்டுப்போனது, நீங்கள் எதைக் கவனித்தீர்கள், உங்கள் கையால் என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது. எண் இருந்தால் எண்ணோடு. வேலையே பார்த்ததில்லை என்பவருக்கும் கல்லூரி புராஜெக்ட் இருக்கும், வீட்டுக் கணக்கு பார்த்த அனுபவம் இருக்கும். "நாங்க செஞ்சோம், நாங்க செஞ்சோம்" என்றே ஒருவர் சொல்லிக்கொண்டு போனால், "அதில் நீங்க?" என்று கேட்பேன். அந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அடக்கமாகச் சொல்வதாக நினைத்து, தன்னையே கதையிலிருந்து அழித்துவிடுகிறார்கள். எழுதியதை மனப்பாடம் மட்டும் செய்துவிடாதீர்கள். ஒப்பிக்கிறவரின் கண் ஒரு மாதிரி கூரையைப் பார்க்கும். எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பலவீனம் என்ன என்ற கேள்விக்கு நானும் அந்தக் காலத்தில் "எல்லாத்தையும் கச்சிதமா செய்யணும்னு நினைக்கிறதுதான் சார்" என்று சொன்னவன். கேட்டவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். இப்போது ஒரே நாளில் அந்தப் பதிலை நாலு பேரிடம் கேட்கிறேன். தவறு செய்தால் மதிப்பு குறையுமா என்று 1966இல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வினாடிவினாப் போட்டிக்கு வந்த ஒருவரின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அவர் 92 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்கிறார், கடைசியில் காபியைத் தன் மேலேயே கொட்டிக்கொள்கிறார். கொட்டிக்கொண்ட பிறகு கேட்டவர்களுக்கு அவரை இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது. 30 சதவீதக் கேள்விகளுக்கு மட்டும் சரியாகச் சொன்னவர் கொட்டிக்கொண்டபோது இருந்த மதிப்பும் போனது. லேபிள் பெண் "அந்த ஒண்ணு நான் ஒட்டினது" என்று கடைசியில் சொன்னதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஆறு ஒன்றாகக் குறைந்ததை முதலில் சொன்னார். அதன் பிறகு வந்த தவறு அவர் மேல் நம்பிக்கையைக் கூட்டியது. எடுத்த எடுப்பில் அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

பதற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். கை நடுங்குகிறது, குரல் பிசிறுகிறது, எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று உள்ளே இருப்பவருக்குத் தோன்றும். தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களுக்குக் கூச்சம் தரும் ஒரு டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டவர் நினைத்தார். கவனித்தவர்கள் ஏறக்குறைய அதில் பாதிதான். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: நடுக்கத்தை நான் பார்த்தாலும் எழுதுவதில்லை. எழுத அங்கே கட்டமும் இல்லை. அதோடு இந்தப் பக்கமும் நிம்மதியாக இல்லை. தப்பான ஆளை எடுத்துவிட்டால் அடுத்த இரண்டு வருடம் என் தலையில்தான் விடியும். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து "இவராவது சரியாக இருக்கக்கூடாதா, வீட்டுக்குப் போகலாமே" என்றுதான் மனசு வேண்டிக்கொள்கிறது. உங்களைக் கவிழ்க்க யாரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. சில ஆட்கள் உண்டு, மிரட்டிப் பார்க்கிற ரகம். அவர்களிடம் வேலை கிடைக்காமல் போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

"ஆளைப் பார்த்தே சொல்லிடுவேன்" என்று பெருமைப்படும் ரகம் இன்னொன்று. நானும் கொஞ்ச நாள் அப்படித் திரிந்தேன். ஜேசன் டானாவும் வேறு இரு ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கர்வத்தை இறக்கி வைத்தது. மாணவர்கள் சக மாணவர்களை இன்டர்வியூ செய்து, அவர்கள் அடுத்து என்ன மதிப்பெண் வாங்குவார்கள் என்று கணிக்க வேண்டும். பதில் சொல்கிறவர்களில் சிலரிடம், கேள்வியின் அர்த்தத்தைப் பார்க்காமல் ஒரு ரகசிய விதிப்படி ஆம், இல்லை என்று தாறுமாறாகச் சொல்லச் சொல்லிவிட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. சந்திக்கவே சந்திக்காத மாணவர்களுக்கு, பழைய மதிப்பெண், பாடப் பட்டியல் போன்ற விவரங்களை மட்டும் பார்த்து அவர்கள் சொன்ன கணிப்புதான் இன்னும் சரியாக இருந்தது.

அதனால், கிடைக்கவில்லை என்றால் அதைப் பெரிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1979இல் ஹூஸ்டனில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 800 பேரை இன்டர்வியூ செய்து வரிசைப்படுத்தி, மேலே இருந்தவர்களில் 150 பேரை எடுத்தது. பிறகு திடீரென்று இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. அதற்குள் மேலே இருந்தவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது 700க்கும் 800க்கும் இடையில், வரிசையின் வாலில் நின்றவர்கள். அவர்களிலிருந்து 50 பேரை எடுத்தார்கள். படித்து முடித்தபோது இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வாலில் இருந்தவர்களும் அதே போல டாக்டர் ஆனார்கள். வரிசை போட்டவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

வீடியோ இன்டர்வியூ பற்றி ஒரு வரி: கேமராவைப் பார்த்துப் பேசுங்கள் என்பார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று முதல் நாளே ஒருவரை அழைத்துப் பேசிப் பார்ப்பது அதைவிடப் பத்து மடங்கு முக்கியம். முகம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வோம். விட்டுவிட்டுக் கேட்கும் குரலில் லேபிள் கதை எடுபடாது.

கடைசியில் எல்லாரிடமும் கேட்போம், "எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?" பெரும்பாலும் "இல்ல சார், எல்லாம் கிளியரா இருக்கு" என்று எழுந்துவிடுவார்கள். சிலர் லீவு, சம்பளம் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். போன வருடம் இரவு ஷிப்டுக்கு ஆள் எடுத்தபோது ஒரு பெண் தன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த வேலையில எனக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் சார் போனாங்க?"

நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பொதுவாக ஏதாவது சொல்லி மழுப்புவதுதான் வழக்கம். மேடம் ஏனோ அன்றைக்கு உண்மையைச் சொன்னார். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும், முந்தின நாள் சாயந்திரம்தான் தெரியும், அவருக்கு வீட்டில் சின்னக் குழந்தை. "அதுக்கு முன்னாடி இருந்தவங்க?" என்றார் அந்தப் பெண். "அவரும் அதனாலதான்" என்றேன் நான். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். இந்தத் தடவை பேனா அந்தப் பக்கம் ஓடியது.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் மேடம் சொன்னார், "நம்மளைத்தான் இன்டர்வியூ பண்ணிட்டுப் போறா."

ஆஃபர் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்து, யோசித்துப் பார்த்ததாகவும் ஒத்துவராது என்றும் மரியாதையாகச் சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு மறுபடி ஆள் தேட விளம்பரம் எழுத உட்கார்ந்தோம். பாதி எழுதிவிட்டு மேனேஜர் அதை ஓரமாக வைத்தார். "முதல்ல அந்த ஷிப்ட் லிஸ்டை எடுங்க" என்றார். இப்போது பதினைந்து நாளுக்கு முன்பே போட்டுவிடுகிறோம்.